எக்கோ

ஒப்பிலான் என்பது எங்கள் ஊரின் பெயர்.
பெயரே மேடையில் ஏறி நிற்பதால்
எதையும் கொஞ்சம் கூட்டித்தான் கேட்போம்.

எனக்குத் தொழில் மைக் செட்.
நாலு குழாய், இரண்டு பெட்டி, ஒரு ஜெனரேட்டர்,
நானூற்றுப் பத்து நாற்காலி.
போன மாதம் நானூற்றுப் பன்னிரண்டு.
இரண்டு கட்சிக்கும் நான்தான்.
இரண்டு கட்சியும் பாக்கி.

செவ்வாய்க்கிழமைப் பேச்சாளர்
கடலைக் கைகாட்டிச் சொன்னார்:
“இமயத்தைப் பெயர்த்து இங்கே இறக்கியிருக்கிறோம்!
இனி ஒரு பிடி மணலைக்கூட
அந்த அலை தொட முடியாது!”
எக்கோ குமிழை இரண்டிலிருந்து ஐந்துக்குத் திருகினேன்.
முடியாது முடியாது முடியாது என்று
பனைகளுக்குள் போய்த் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை, அதே மைக், அதே நாற்காலி.
“ஒரு கல், ஒரே ஒரு கூழாங்கல்
போட்டதாகக் காட்டட்டும்,
இந்தக் கடலில் இறங்கி நடந்தே போய்விடுகிறேன்!”
அவருக்கும் ஐந்து.
தொழிலில் ஓரவஞ்சனை கூடாது.

தூண்டில் வளைவுக்கு இறக்கிய கல் நாற்பத்து மூன்று.
வற்றம் பார்த்துப் போய் நான் எண்ணினேன்.
பதினோராவதில் யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள்.
இருபதுக்கு மேல் பாசி.
அதற்குப் பிறகு லாரி வரவில்லை.
முன்னூறாவது வேண்டும் என்று
அளக்க வந்த பையன் சொல்லிப் போனான்.

சீனியுசேனும் நாகூர்கனியும் சகலைகள்.
ஒரே வீட்டில் பெண் எடுத்து
ஒரே படகுக்குப் பாதிப் பாதி போட்டவர்கள்.
செவ்வாய்க்குப் பிறகு சீனியுசேன்
படகை மேட்டில் ஏற்றுவதை விட்டார்.
“அதான் மலையே நிக்குதே.”
வெள்ளிக்குப் பிறகு நாகூர்கனி
இருட்டில் சுற்றி வருவதை விட்டார்.
“அங்கெ என்ன இருக்கு முட்ட?”

இது ஆண்கடல்.
கூட்டத்துக்கு வராது, கைதட்டாது.
புதன்கிழமை கச்சான் காற்று.
நாகூர்கனி நேராக ஓட்டி வந்தார்.
அடியில் ஒரு குத்து விழுந்தது.
தண்ணீர் ஏற ஏறக் கரை சேர்த்துவிட்டு,
சகலையை எழுப்பி, மேட்டில் ஏற்றலாம் என்றார்.
சீனியுசேன் புரண்டு படுத்தார்.
மிச்சத்தை விடியும்வரை அலை பார்த்துக்கொண்டது.

காலையில் ஊரே அங்கே நின்றது.
முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது அடிப்பலகை.
“அலை வந்திருக்க முடியாது,
உன் ஆளுகதான் கடப்பாரைய விட்டிருக்கானுக”
என்றார் சீனியுசேன்.
“கல்லே இல்லாத கடல்ல எது குத்தும்?
உன் ஆளுகதான், கடப்பாரை”
என்றார் நாகூர்கனி.
பத்து வருஷத்தில் முதல்முறையாக
இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.
அதைச் சொல்லும்போது நாகூர்கனி
பதினேழாவது கல்லில் உட்கார்ந்திருந்தார்.
அவர் வேட்டிக்குப் பக்கத்தில்,
ஈரம் காயாமல்,
படகின் நீலப் பெயிண்ட் ஒரு விரல் அகலம்.

நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர்களும் பார்த்தார்கள்,
கண் அதன் மேலாகப் போய்
ஒன்றிலும் தட்டாமல் திரும்பியது.

“நீ பொதுவான ஆளு, நீ சொல்லு”
என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார்.
இந்தப் பக்கம் ஒன்பதாயிரம் பாக்கி.
அந்தப் பக்கம் ஏழாயிரத்து ஐந்நூறு.
“கடப்பாரையாத்தான் இருக்கும்” என்றேன்.

மைக் இல்லை, குழாய் இல்லை,
ஜெனரேட்டர் வீட்டில் கிடந்தது.
மதியத்துக்குள் மாரியூரில் நாலு கடப்பாரை.
சாயங்காலம் சாயல்குடி டீக்கடையில்
நானூறு பேர், இரண்டு வேன், ஒரு வெளிநாட்டுப் பணம்.

இரவு நாற்காலிகளைக் கழுவி அடுக்கினேன்.
நானூற்று ஒன்பது.
விளக்கை அணைத்துப் படுத்த பிறகு
கரைப்பக்கம்
இரும்பு கல்லில் உரசும் சத்தம்
எனக்கே தெளிவாகக் கேட்டது.