அறுபத்து நான்கு

பதினோரு வருடம் பரணில் கிடந்த சேணத்தில்
பூஞ்சை, ஒரு பல்லி முட்டை.
வேப்பெண்ணெய் தேய்த்ததில் தோல் இளகியது.
என் இடுப்பு இளகவில்லை.

தளியில் பனி. விடிய இன்னும் நேரமிருக்கிறது.
சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்தில்
பெண்கள் ஜன்னலைத் துடைத்துவிட்டு
பதினேழு குதிரைகளைப் பார்க்கிறார்கள்.
ஒருத்தி கை அசைத்தாள்.
பதிலுக்கு அசைக்க முடியவில்லை,
இரண்டு கையும் கடிவாளத்தில்.

குதிரை என்னுடையதல்ல.
மத்திகிரியில் பியாரேஜான் லாயத்தில் நிற்பவள்,
ஒன்பது வயது, செம்பழுப்பு, பெயர் மிளகி.
கொள்ளுக்குக் காசு கொடுத்து
மூன்று மாதமாய் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.
“கணக்குப் பாக்குற குதிரைக்கா இது,
ஆனா உங்க கணக்கப் பாக்காது” என்றான் பியாரேஜான்.

நாற்பது கிலோமீட்டர்.
முன்பெல்லாம் எண்பதுக்குக் கீழே
பேசவே மாட்டேன்.

ரோஜாக் குடில்களில் கிழிந்த பாலித்தீன் படபடக்க
மிளகி பக்கவாட்டில் ஒரு தாவு.
பழைய உடம்பு அவளோடே போயிருக்கும்.
இந்த உடம்பு அரை நொடி கழித்து வந்து சேர்ந்தது,
ஒரு அங்கவடியைத் தொலைத்துவிட்டு.
பின்னால் வந்த பையன்கள்
“சைடு மேடம்” என்று கடந்தார்கள்,
புழுதியில் கொஞ்சம் என் பல்லிலும்.

அன்றைக்கு
அஞ்செட்டி இறக்கத்துக்கு முந்தைய கூடாரத்தில்
என் தூமகேதுவின் நாடி இறங்கவில்லை.
(அப்படி ஒரு பெயரை வைத்ததும் நான்தான்.)
அறுபத்து நான்குக்கு வரவேண்டும்,
இருபது நிமிடம் தருவார்கள்.
கழுத்தில் தண்ணீர் ஊற்றினோம். எழுபத்தாறு.
ஊற்றினோம். எழுபத்திரண்டு.
எழுபத்திரண்டு.
தோலைக் கிள்ளினால்
கிள்ளியபடியே நின்றது.
ஏழு கிலோமீட்டர் முன்பே அவன் சொல்லியிருந்தான்,
ஏற்றத்தில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
நான் குதிகாலால் பதில் சொன்னேன்.
இரவில் அவன் வயிற்றுச் சத்தம் நின்றுபோனது.
அதற்குமேல் எழுதப்போவதில்லை.

கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன்,
பிறகு வீட்டுக்கடன், பிறகு மகளின் பத்தாம் வகுப்பு.
எல்லாம் உண்மையாகவும் இருந்தது.

ஜவளகிரிக் காட்டோரம், இருபத்தாறாம் கிலோமீட்டர்.
மிளகி நின்றாள். காது இரண்டும் முன்னால்.
பாதை நடுவில் யானை லத்தி, ஆவி பறக்க,
செரிக்காத கேழ்வரகு அதில் தெரிந்தது.
கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.
குதிகாலும் தயாராகத்தான் இருந்தது,
இத்தனை வருடத்தில்
அது எதையும் மறக்கவில்லை.

இறங்கினேன்.
மண்ணைத் தொட்டதும் முழங்கால் மடங்க,
அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மூங்கிலுக்குள் ஏதோ முறிந்தது.
இன்னொன்று. தூரமாய்.
பதினான்கு நிமிடம்.
பிறகு மூக்கு அதிர ஒரு மூச்சு விட்டு
ஓரத்துப் புல்லைக் கடித்தாள்,
கூட்டல் சரியாக வந்துவிட்டதுபோல.

மிச்சத்தில் பாதி தூரம்
பக்கத்தில் நடந்தே வந்தேன்.
கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

டாக்டர் திம்மராயன் அவள் முன்னங்காலுக்குப் பின்னால்
ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.
அன்றைக்கும் அவர்தான். அவரும் பேசவில்லை.
நான் அவர் உதட்டைப் பார்க்காமல்
தைலமரக் கிளையில் யாரோ காயப்போட்ட
சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
காலர் நைந்த நீலச் சட்டை.

“ஐம்பத்தாறு.”

மிளகி அவர் பேனாவைக் கவ்வப் பார்த்தாள்.
“ஓட்டிக் காட்டுங்க” என்றார்.
கயிற்றைப் பிடித்து முப்பது மீட்டர் கூடவே ஓடித் திரும்பினேன்.
“ஒருத்தர் நொண்டுறீங்க.
நல்லவேளை, குதிரை இல்ல.”

இரவு லாயத்தில்
அவள் விலாவில் காதை வைத்தேன்.
ஓசூர் மேம்பாலத்தில் கல் லாரி ஏறுவதுபோல்
உள்ளே உருண்டுகொண்டிருந்தது.
“கெளம்பலையாக்கா?” என்றான் பியாரேஜான்,
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

அந்தப் பக்கம் போய்
அங்கேயும் காதை வைத்தேன்.