மீதி

என் கருவியின் பிடியில் ஒட்டிய தகட்டில்
994009.
கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்த அன்று
கையெழுத்து வைத்து வாங்கியது.
ஒன்பது இலட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து ஒன்பது.
நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இரண்டு பூச்சியங்கள்,
யாரும் இறங்காத பஸ் தரிப்பிடங்கள் மாதிரி.

அம்பகாமம் காட்டோரம்.
ஐம்பது நிமிடம் முழந்தாளில்,
பத்து நிமிடம் பாலை நிழலில்.
அந்தப் பத்தில் கிருபாலினி பிஸ்கட் பிரிப்பாள்.
நான் கொப்பி விரிப்பேன்.

இரண்டு ஏறாது, கடைசி ஒற்றை.
இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தொன்று;
மூன்றும் ஒன்றை மிச்சம் விட்டுப் போனது.
ஐந்தைக் கேட்கவே வேண்டாம்.
ஏழுக்கு மீதி இரண்டு.
ஆயிரத்துக்குக் கீழே நூற்று அறுபத்தெட்டு முதன்மை எண்கள்.
அதற்கு மேல் போகத் தேவையில்லை,
ஆயிரத்தின் வர்க்கம் இதைத் தாண்டிவிடும்.

பாலைப்பழம் விழத் தொடங்கியபோது
நூற்றொன்றில் நின்றேன்.
ஓய்ந்தபோது எழுநூற்றொன்றில்.
வகுபடவில்லை. வகுபடவில்லை.
கருவி கத்தாத மண்ணில்
ஒரு சாண் முன்னே நகர்வதுபோல.

இது முதன்மை எண்ணாய் இருக்கவேணும் என்று ஆசைப்பட்டேன்.
இருட்டில் குளக்கட்டில் நிற்கும் தனியன் யானைபோல
யாருக்கும் பங்கு வைக்காத ஒன்று.
பங்கீட்டு அட்டை, கூடார இலக்கம், விடுவிப்புக் கடிதம்:
என் பெயருக்கு முன்னால் எழுதிய எண்கள் எல்லாம்
இரட்டை எண்கள்.

கடைசிக் கிழமை மீதிகள் விசித்திரமாய் வந்தன.
967 க்குத் தொள்ளாயிரம்.
971 க்கு 676. 977 க்கு நானூறு.
983 க்கு 196.
991 க்கு வெறும் முப்பத்தாறு.
முப்பதின் வர்க்கம், இருபத்தாறின், இருபதின்,
பதினாலின், ஆறின்.
யாரோ அடியைக் குறுக்கிக் குறுக்கிக் கிட்ட வருகிறார்.
எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேணும்.

மிஞ்சியது 997.
மீதி பூச்சியம்.
ஈவும் 997.

தனியன் இல்லை.
ஒரே முகத்தோடு இரண்டு பேர்
இவ்வளவு நாளும் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார்கள்.
கொப்பியைக் கிருபாலினியிடம் நீட்டினேன்.
"அப்ப, கடைசி அடியிலதான் இருந்ததோ?" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.
விசில் ஊதியது.

பிறகொரு மத்தியானம் இன்னொன்றும் தெரிந்தது:
372 இன் வர்க்கத்தோடு 925 இன் வர்க்கத்தைக் கூட்டினாலும்
இதே எண்.
செங்கோண முக்கோணி; செம்பக்கம் 997.
நிலத்தில் வரையலாம்.
கிழக்கே 372 அடி, வடக்கே 925 அடி,
திரும்பிவரக் குறுக்கே ஒரு நேர்கோடு.
துப்பரவான நிலம் மட்டும் வேணும்.

மாரிக்கு முன் மாங்குளம் களஞ்சியத்தில்
கருவிகளை ஒப்படைத்தோம்.
யூட் நிக்சன் பதிவேட்டில் எழுதினான்: 994008.
"திருத்தும்" என்றேன்.
"ஒன்றுதானே அக்கா குறையுது."

ஒன்று குறைந்தால் அது 996 தரம் 998.
இரண்டு வரும், மூன்று வரும், எட்டு வரும்,
எண்பத்துமூன்றும் வந்து கை நனைக்கும்.

பின்னால் இருபது பேர் நின்றார்கள்.
லொறி உறுமிக்கொண்டிருந்தது.
அவன் எட்டை வெட்டி
மேலே ஒன்பது எழுதிப்
பக்கத்தில் கையொப்பம் வைக்கும்வரை
வரிசையை மறித்துக்கொண்டு நின்றேன்.