அரைச்சுற்றுத் தளர்வு

மீன்பேணியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.
மணம் போகவில்லை.
பரவாயில்லை, குருநகர்க்காரன் செய்கிற கார்
கொஞ்சம் மீனாகத்தான் மணக்கும்.

பெற்றோல் வரிசை நாவலர் வீதியில் தொடங்கி
எங்கேயோ முடிந்தது. முடிவில் நான்.
ஓட்டோவின் பின்சீற்றில் என் பட்டறை:
தகரம் வெட்டும் கத்தரி, மழுங்கின அரம்,
ஏழு சென்ரிமீற்றருக்குக் கோடு கீறிய
பிஸ்கற் பெட்டி மட்டை.

அச்சுக்குச் சைக்கிள் சில்லுக்கம்பி.
அது உள்ளே சுழல, மை தீர்ந்த பேனைக் குழாய்.
மோட்டர், தட்டை வெளியே தள்ள மாட்டேன் என்று செத்துப்போன
டிவிடி பிளேயருடையது.
தவாளிப்பில் ஓடுகிற நாக்கு, பல்லுத் தீட்டும் பிறஷின் காம்பு.
அதன் இரு பக்கமும் கரண்டைத் தடவி எடுக்க
கேபிள் வயரை உரித்த செம்புப் பின்னல்.
சில்லுகளுக்கு என் இடதுகால் செருப்பு.
வலதுகால் செருப்பு இன்னும் காலில்தான்.

முன்னுக்கு ஸ்கூட்டியில் இருந்த கெங்கா ரீச்சர்
திரும்பித் திரும்பிப் பார்த்தா.
"இது என்ன கார்?"
"கார் இல்லை ரீச்சர். காருக்குக் கீழே இருக்கிறது."
"அப்ப மேலே?"
"மேலே இப்போதைக்கு ஒன்றும் இல்லை."
மோட்டரை அமத்திப் பிடிக்க வில்லுப்போல ஒரு கம்பி தேவைப்பட்டது.
கொண்டையிலிருந்து ஊசியை உருவித் தந்தா.
வரிசை பத்தடி நகர்ந்தபோது
அவிழ்ந்த தலையோடு ஸ்கூட்டியை உருட்டினா.

இரவு. மின்சாரம் இல்லை, காஸ் இல்லை.
பற்றுக்கோலைச் சிரட்டைக்கரிக்குள் செருகிச் சூடாக்கி
நாலு இடத்தில் ஈயம் ஒழுக்கினேன்.
மூன்று இடத்தில் பிடித்தது.
செலவு: பசை ஒரு குழாய், நூற்றியெண்பது ரூபா.

வின்சலாஸின் மரக்கடைப் பின்னறையில் பாதை.
பதினாறடி ஒட்டுப்பலகை, இரண்டு தவாளிப்பு,
வளைவுகளுக்கு யாழ்ப்பாணத்துப் பெயர்கள்:
தட்டாதெரு, முட்டாஸ் கடை, ஐந்துசந்தி.
பன்னிரண்டு வோல்ற் வேண்டும்.
ஓட்டோ மூன்று நாளாய்ச் சும்மா நிற்கிறது.
பற்றரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனேன்.

தட்டாதெருவில் பறந்தது.
முட்டாஸ் கடையில் பறந்து
அலுமாரிக்குக் கீழே போனது.
பாரம் காணாது என்றான் வின்சலாஸ்.
வலையில் ஒரு ஈயக்குண்டை வெட்டி நாக்குக்குப் பின்னால் ஒட்டினோம்.
பறக்கவில்லை. நகரவும் இல்லை,
சங்கக்கடை வாசலில் நிற்பதுபோல் நின்றது.
பாதியாக்கினோம். பறந்தது.
ஆணிகளை இறுக்கினேன். கூடப் பறந்தது.
போய்த் துலை என்று இரண்டு ஆணியையும்
அரைச்சுற்றுத் தளர்த்தி விட்டேன்.

தகரம் தகரத்தோடு கிடுகிடுத்தது.
ஐந்துசந்தியில் பின்பக்கம் ஆடியது, அந்த ஆட்டம்
நாக்குவரை வராமல் நடுவழியில் செத்தது.
வளைந்து வந்தது. மறுபடியும் வந்தது.
வின்சலாஸ் எண்ணினான், பிறகு எண்ணுவதை விட்டான்.
உடம்பு நடுங்கினால் நடுங்கட்டும், நாக்கு மட்டும் என்று
எனக்குள் ஏதோ தத்துவம் கிளம்பப் பார்த்தது.
அதற்குள் அவன் தன் காரை
மற்றத் தவாளிப்பில் வைத்துவிட்டான்.

விடியப்புறம் பவுசர் வந்தது.
வரிசை முழுக்க இருமியது, புகைத்தது.
பற்றரியைக் கொளுவிச் சாவியைத் திருப்பினேன்.
"க்" என்றது, அவ்வளவுதான்.
இருந்த கரண்ட் எல்லாம்
இரவிரவாய் ஐந்துசந்தியைச் சுற்றி முடிந்திருந்தது.

ரீச்சரோடு ஆறு பேர் பின்னால் கை கொடுத்தார்கள்.
ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தபடி நானும் தள்ளினேன்.
"என்ரை ஊசி எங்கே?" மூச்சு வாங்கக் கேட்டா.
சேட்டுப் பொக்கற்றைத் தட்டிக் காட்டினேன்.
ஒவ்வொரு உந்தலுக்கும் உள்ளே
செருப்புச் சில்லு நெஞ்சில் உரசி
அரைச்சுற்று,
அரைச்சுற்று.