விழுங்கிய பிறகு ஒரு வார்த்தை

விழுங்கியதும் பேசச் சொல்ல வேண்டும்.
அதுதான் விதி.
வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்
யாருக்காவது விற்றுவிடக் கூடாது.
ஊமையாய் நகர்கிறவனைக் கூப்பிடுவேன்:
ஏதாவது சொல்லுங்க.

ஜெலுத்தோங் கிளினிக்கின் பின்பக்கச் சன்னல்.
எட்டு மணிக்குத் தட்டியைத் தூக்கும்போதே
வரிசை நிற்கும்.
பெரும்பாலும் "தெரிமா காசே, மிஸ்ஸி."
கியாட் ஹோங் நாலு நம்பர் சொல்வான்.
எடுத்திருந்தால் ஒன்றுகூட விழுந்திருக்காது.
அஸ்லான், அன்றைக்கு வலையில் என்ன மீன் என்பதை.

லோகேந்திரன், வயது இருபத்து நான்கு,
மெத்தடோன் அறுபது மில்லிகிராம்,
முதல் நாள் குடித்துவிட்டுக் கேட்டான்:
"என்னா சொல்லணும்?"
அதுவே போதும் என்றேன்.

மறுநாளிலிருந்து
மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுகிறவன் மாதிரி
நாளைக்கு ஒரு வாக்கியம்.

"மொதல்ல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் மிஸ்ஸி."

"பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி. ரெண்டாவது ஷிஃப்ட். சம்பளம் போட்ட வெள்ளி."

"மூணு பேரு. ஃபிளாட்டுல பதினோராம் மாடிப் படிக்கட்டு.
லிஃப்ட் ஓடுற வரைக்கும் அங்க யாரும் வரமாட்டாங்க."

"ஒரு ஸ்ட்ரா. விரல்ல ஒரு கணு நீளம்.
ரெண்டு முனையும் தீயில ஒட்டியிருக்கும்."

அன்று மதியம்
ஐஸ் தேத்தண்ணியில் கிடந்த ஸ்ட்ராவை
எடுத்து ஓரமாக வைத்துவிட்டு
கிளாஸில் வாய் வைத்துக் குடித்தேன்.

"அப்புறம் ஞாயிறும்.
திங்க வேலைக்குப் போகணுமே, அதுக்காகத் திங்களும்."

"சந்தோஷமெல்லாம் ஒரு நாலு மாசந்தான்."

"அதுக்கப்புறம் மூக்கு ஒழுகாம இருக்க.
கால் இழுக்காம இருக்க. பஸ் ஏற."

பஸ் ஏற.
அந்த இரண்டு சொல்லையும்
வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.
சட்டியில் கடுகு வெடித்து அடங்கி
கருகிய வாசம் வந்த பிறகுதான்
அடுப்பு ஞாபகம்.

எங்களிடம் ஒரு பாரம் உண்டு:
எத்தனை வயதில், எவ்வளவு, எத்தனை முறை.
மாதம், வாரம், தினமும் என்று மூன்று கட்டங்கள்.
அவனுடைய நாலு வருடத்தை
மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்காகப் போட்டவள் நான்.

எல்லா நாளும் உண்மை பேசினான் என்று சொல்லமாட்டேன்.
"நாளையிலேர்ந்து வேல கெடச்சிருச்சு" மூன்று முறை வந்தது.
ஒருநாள் "அக்காவோட சங்கிலி" என்று மட்டும்.
மிச்சம் நாளைக்கு வரும் என்றிருந்தேன்.
மறுநாள் தைப்பூச நெரிசலைப் பற்றிச் சொன்னான்,
யாருடைய செருப்போ தொலைந்ததை.

"மூணு பேருல ஒருத்தன் போயிட்டான் மிஸ்ஸி.
அதே படிக்கட்டுல. நாங்க தூங்குறான்னு நெனச்சோம்."

அதைச் சொன்ன அடுத்த வாரம், வியாழன்,
காலையிலேயே மழை.
கோப்பையைக் கவிழ்த்தான்.
பேசவில்லை.

இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.
அவனுக்குப் பின்னால் பதினோரு பேர்.
சத்தம் போட்டிருக்கலாம். பதிவில் எழுதி
ஆளை நிறுத்தியிருக்கலாம்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்தான்.

அங்கே கால்வாய் ஓரம், நனைந்த ஃபேக்டரி ஜாக்கெட்டில்
ஒரு பையன் குந்தியிருந்தான்.
முழங்காலைக் கட்டிப்பிடித்திருந்தான்.
அந்த நடுக்கம் மழையுடையது அல்ல என்று
இந்தச் சன்னலில் ஆறு வருடம் நின்றவளுக்குத் தெரியும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
பின்னால் யாரோ இருமினார்கள்.
கியாட் ஹோங் "சீக்கிரம்லா" என்றான்.

குரல்வளை ஒருமுறை
ஏறி
இறங்கியது.

"சர்வின்," என்றான்.
"அவன் பேரு சர்வின், மிஸ்ஸி."

புதுப் பாரம் ஒன்றை உருவி
பெயர் எழுதுமிடத்தில் எழுதினேன்.
மற்றதெல்லாம் காலி.
புதுப் பதிவு செவ்வாய்க்கிழமைகளில்தான் என்றேன்,
அழைத்து வா என்றேன்.

அவன் விரல் விட்டு எண்ணினான்.
நானும் மனசுக்குள் எண்ணினேன்.
ஐந்தே நாள்.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.