ரன்

டலூத் நகரம், பிப்ரவரி, மைனஸ் இருபத்தேழு.
சலவைக்கடை வாசலில் ஆளில்லாத டிரக் ஒன்று
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.
அணைத்தால் உறைந்துவிடும்.
அதற்கும் ரன் என்றுதான் பெயர்.

உள்ளே லோர்னா ஹாவிஸ்தோ கடையை ரன் செய்கிறாள்.
ஏழாம் நம்பர் மெஷின் ரன் ஆக மாட்டேன் என்கிறது.
யாருடையதோ சிவப்புத் துண்டு ஒன்று ரன் ஆகி
பாதிரியார் தோர்வால்டின் வெள்ளை அங்கி மூன்றும்
இளஞ்சிவப்பு.
ஒழுகும் மூக்கு ரன்.
காலுறையில் இழைவிட்ட கோடு, அதுவும்.
காபிக்குப் பால் தீர்ந்தால் ரன் அவுட்,
மட்டையையும் ஸ்டம்பையும் கண்டிராத ஊரில்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
ஆர்வோ ஒரு சூட்கேஸோடு செய்ததும் இதே சொல்தான்.
அதில் மட்டும் கால்கள் இருந்தன.

இப்போது நகரசபை இடைத்தேர்தலில் லோர்னா ரன்.
தமிழில் யாரும் தேர்தலுக்கு ஓடுவதில்லை,
நிற்கிறார்கள்.
எனக்கென்னவோ அதுதான் அவளுக்குப் பொருத்தம்:
ரப்பர் பூட்ஸில், ஈரத்தரையில்
பன்னிரண்டு வருஷமாக வேறென்ன செய்தாள்?

பதினோரு ஓட்டில் தோற்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது.
தோர்வால்ட் வந்தார்,
தன் அங்கிகளை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "அடுத்த முறையும் நிற்பாயா?"
(அவர் சொன்னது அந்தச் சொல்தான்.
நான்தான் தமிழில் நிறுத்திவிட்டேன்.)

லோர்னா பதில் சொல்லாமல் போய்
ஏழாம் நம்பரை ஓர் உதை விட்டாள்.

ஓடியது.