முப்பது ஹெர்ட்ஸ்

தம்பானூரில் ஏறும்போதே கண்டக்டர்
இரண்டு பெட்டிக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.
ஒன்று என் மடியில்,
ஒன்று முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே.
பாறசாலை தாண்டி, களியக்காவிளையில்
காக்கிச்சட்டை ஒருவர் ஜன்னல் வழியே கேட்டார்: "டிவியா?"
கண்ணு என்றிருக்கலாம்.
ஆமா என்றேன்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் வயிற்றுக்கு நேரே
மாடியில் என் ஆல்பக் கடை.
பாலத்தில் லாரி போனால் மேசை நடுங்கும்,
மேசை நடுங்கினால் மணப்பெண்ணும்.

முதல் கேபிள் உள்ளே போனது. திரை விழிக்கவில்லை.
சிக்னல் இல்லை என்றொரு சின்னக் கட்டம்
இடையனில்லா ஆட்டைப்போல மூலைக்கு மூலை அலைந்தது.
கீழே மொபைல் கடை றாபி
கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, இதுல சார்ஜ் மட்டும்தான் ஏறும், படம் ஏறாது.
வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலதான் இரிக்கும்."
எனக்கு உடனே
இரண்டு மூன்று பேர் ஞாபகம் வந்தார்கள்.

வேறு கேபிளில் வலதுதிரை விழித்தது.
இடதுக்கு மிஞ்சியது லேப்டாப்பின் பழைய ஓட்டை;
நொடிக்கு முப்பது முறைக்குமேல் அதற்கு இமைக்கத் தெரியாது.
வலதில் அம்புக்குறி நீந்தும்,
இடதில் தத்தும்.
அதோடு
இடதை வலதென்று நம்பிக்கொண்டிருந்தது லேப்டாப்.
அம்பு போய் வெறும் விளிம்பில் முட்டி நின்றது.
இரண்டாம் எண் கட்டத்தைப் பிடித்திழுத்து
அந்தப் பக்கம் வைத்தேன்.
இந்த ஜில்லாவையே ஒருநாள் அப்படித்தான் மாற்றிவைத்தார்கள்;
ஆட்களுக்குப் பழக இரண்டு தலைமுறை,
அம்புக்கு இரண்டு நொடி.

சோதித்துப் பார்க்க ஒரு பழைய கோப்பு போதும்.
கை போய் நின்றது:
ஜெபக்கனி-குடும்பம்-கடைசி-கடைசி2.

மூன்று வருடம் முன்பு வந்திருந்தாள், தங்கை கல்யாணப் படத்தோடு.
"இந்த ஆள மட்டும் எடுத்திரணும்."
பேர் சொல்லவில்லை, நகத்தால் தொட்டுக் காட்டினாள்.
எடுத்தேன்.
அவன் நின்ற இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் வளர்த்தேன்,
பின்சுவர்ச் சுண்ணாம்பை இழுத்துப் பூசினேன்.
பதினைந்து அங்குலத் திரையில் சுத்தமாக இருந்தது.
அந்தத் திருப்தியில் ஒரு சாயா வாங்கிக் குடித்ததும் நினைவிருக்கிறது.

இப்போது
எண்பத்துமூன்று லட்சம் புள்ளிகளுக்குள்
ஜெபக்கனியின் தோளில்,
பட்டுக்கரையோடு கரையாக,
நாலு விரல்.
ஒன்றில் மோதிரத்தின் மினுக்கம்.
கை இல்லை, ஆள் இல்லை,
பிடி மட்டும் இருக்கிறது.

இடதுதிரைக்கு இழுத்தால் விரல்கள் நீலம் பாய்ந்து
செத்தவன் விரலாகின்றன.
வலதில் ரத்தம் ஓடுகிறது.
எது சரியான நிறமென்று
இரண்டு திரையும் ஒத்துப்போகவில்லை.
இழுக்கும்போது ஒரு கணம்
தோள் அந்தப் பக்கம், விரல் இந்தப் பக்கம்,
நடுவே கறுப்புச் சட்டம், என் சுண்டுவிரல் அகலம்.

பிரஷ் எடுத்தேன்.
சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல் போயிற்று.
மூன்றாவதில்தான் அது தட்டுப்பட்டது:
ஆல்பம் வாங்க வந்த அன்று
இந்தப் பக்கத்தில்தான் வெகுநேரம் நின்றாள்.
கட்டைவிரலால் படத்தின் தோளைத் தடவினாள்.
தூசி என்று நினைத்துத் துணி நீட்டினேன்.
வாங்கவில்லை.
பேரம் பேசாமல் காசு எண்ணி வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

என் திரைதான் சின்னது.
அச்சு பெரிதாகத்தானே இருந்தது.

சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.
பாலத்தில் ரப்பர் ஏற்றிய லாரி ஒன்று போயிற்று.
இரண்டு திரையும் நடுங்கின,
ஒன்று சற்றுப் பிந்தி.