நான்காம் எண் சட்டை

பெரிஸ்ஸோவில் துணி உலர்வதில்லை,
இறைச்சித் தொழிற்சாலையின் வாடையை உடுத்திக்கொள்கிறது.
ஞாயிறு இரவானால் கிளப்பின் சட்டைகள் பதினொன்றும்
ஒரே மூட்டையாய் என் வாசலில் விழும்.
சேறு லேசில் போகும்.
ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர், கல்லுப்பு.
புல்லின் பச்சைதான் பிடிவாதக்காரி.

கோச் பால்ச்சூனஸ் சொல்வார்:
“இங்கிலீஷ்காரன் ரயில்போல் நேராக ஓடுவான்.
நாம் வளைவோம், ஏய்ப்போம், தெருப்பையன்போல் சிரிப்போம்.
அதுதான் அர்ஜென்டினா.”
அவர் அப்பா லித்துவேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்.
சாகும்வரை அந்தப் பெயர்
அவர் வாயில் திருத்தமாய் வரவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் ஆண்கள் கத்துவது ஒன்றே ஒன்று:
முட்டை! முட்டையைக் காட்டு!
வீரத்துக்கு இங்கே அதுதான் பெயர்,
இடுப்புக்குக் கீழே இருக்கிறதாம்.
தோற்றால் பலகையில் எழுதுவதும் முட்டைதான்.

என் தம்பி காசிமிரோ, பதினோராம் எண்,
யாரையும் இடித்ததில்லை.
இடிக்க வருபவனுக்கு வழிவிட்டு
பந்தோடு போய்விடுவான்.
“பொம்பளைக் கால்” என்றார்கள்.
கோல் விழுந்ததும் தோளில் தூக்கினார்கள்.

எழுபத்தேழு, மார்ச். பச்சை நிற ஃபால்கன் கார்.
தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் அவன் படுக்கைக்கு அடியில்.
எதிர்வீட்டில் கேப்டன் ஓரெஸ்தே,
தோளெலும்பு முறிந்தும் ஆட்டத்தை முடித்த ஆம்பிளை,
ஜன்னல் பலகையை ஓசையில்லாமல் இறக்கினான்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

அதிலிருந்து நான்காம் எண்ணின் வலது கைநுனியில்
வாரம் தவறாமல் ஒரு கறை.
சளி, உப்பு.
வியர்வை அந்த இடத்தில் அப்படிப் படியாது.
துவைப்பவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

மறு வருடம் ஜூனில் உலகக் கோப்பை.
வானத்தைக் கிழித்துப் போட்டதுபோல் தெருவெங்கும் காகிதம்.
பட்டாளத்தான் கத்தினான், கசாப்புக்காரன் கத்தினான்,
குரலை வைத்து யார் எவரென்று சொல்ல முடியவில்லை.
நானும் கத்தினேன். பொய் சொல்லமாட்டேன்.
ஓரெஸ்தே தெருவைக் கடந்து வந்தான்,
“ஜெயிச்சுட்டோம், நேலிதா” என்று
என் கழுத்தில் முகம் புதைத்து ஏங்கி ஏங்கி அழுதான்.
சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கோலுக்கு அழலாம் இங்கே.
ஆளுக்கு அழக்கூடாது.

அடுத்த மூட்டையில் முதலில் நான்காம் எண்ணைத் தேடினேன்.
கைநுனி காய்ந்திருந்தது.
விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

தொட்டியில் குளிர்ந்த நீர் பிடித்தேன்.
உப்பு போட்டேன்.
கறை இருந்த இடத்தைத் தேய்த்தேன்,
நூல் பிரியும்வரை.